சேர் காணாத கரடி

1979ஆம் ஆண்டு எங்கள் உயர்தர உயிரியல் வகுப்பில் 34 பேர் இருந்தோம். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. அது எந்நேரமும் மரப்பெட்டிக்குள் பூட்டியபடி இருக்கும். விலங்கியல் படிப்பித்த சேர் ஒரு கையால் அதன் கழுத்தையும் மறு கையால் அடியையும் தாங்கி, நித்திரையான பிள்ளையைக் கொண்டுவருவதுபோல ஜன்னலோர மேசைக்குக் கொண்டுவருவார். மின்விளக்கு இல்லாத பழைய வகை. அடியில் உள்ள சின்னக் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தை ஏந்த வேண்டும். முகில் வந்தால் பாடம் நின்றுவிடும்.

அந்த மார்கழியில், மழை விட்ட ஒரு காலை, சேர் கிணற்றுக்கட்டில் இருந்து சுரண்டிய பாசியைத் தேநீர்க் கோப்பை ஒன்றில் போட்டுக்கொண்டு வந்தார். பாடத்திட்டத்தில் அது இல்லை. பாசியைப் பிழிந்து ஒரு துளி நீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, எங்களை வரிசையில் நிற்கவைத்தார். ஆளுக்கு அரை நிமிடம். என் முறை வந்தபோது தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றிய ஒரு உயிர் நீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதை இன்று நினைத்தாலும் அந்த மேசையின் ஸ்பிரிட் மணம் வருகிறது.

பெட்டியைப் பூட்டும்போது சேர் சொன்னார்: "இதுக்குள்ளை கரடி மாதிரி ஒண்டும் இருக்குதாம். எட்டுக் கால். காய்ஞ்சு போனாலும் சாகாது, தண்ணி விட்டால் எழும்பி நடக்குமாம். புத்தகத்திலைதான் படிச்சனான், நான் இன்னும் காணேல்லை. உங்களிலை ஆரும் கண்டால் வந்து சொல்லுங்கோ."

ஒரு ஆசிரியர் தான் காணாததைக் காணவில்லை என்று வகுப்பில் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்கும் நடந்தவைதான். 1984இல் லண்டன் வந்தேன். இரவு வேலை, பகல் படிப்பு, கலியாணம், பிள்ளைகள். விலங்கியல் என்னை விட்டுப் போய்விட்டது. 2015இல், பிள்ளைகள் தங்கள் தங்கள் வழியில் போன பிறகு, பழைய சாமான் கடை ஒன்றில் மாணவர் பாவிக்கும் வகை நுணுக்குக்காட்டி ஒன்று கண்ணில் பட்டது. 90 பவுண். எல்.ஈ.டி. விளக்கு, 4, 10, 40 மடங்குப் பொருள் வில்லைகள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வீடு வந்தேன்.

லண்டனில் பாசியைத் தேடிப் போகத் தேவையில்லை. இளவேனிலில் கருங்குருவிகள் புழு தேடிக் கூரை ஓட்டில் இருக்கும் பாசியைக் கொத்திக் கொத்திக் கீழே எறியும். காலையில் வாசற்படியில் பச்சை உருண்டைகள் கிடக்கும். முன்பெல்லாம் கூட்டித் தள்ளுவேன். அந்த வருடம் பொறுக்கி எடுத்தேன். பாசியைத் தலைகீழாக ஒரு கிண்ணத்தில் வைத்து, மழைநீர் விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது கூடாது. பிழிந்த நீரை அடைய விட்டு, அடியில் தங்கும் மண்டியை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். கரடிக்கு நீந்தத் தெரியாது, அது எப்போதும் அடியில்தான் கிடக்கும்.

முதல் இரண்டு நாளும் மண், பாசிக் குப்பை, நெளியும் நூற்புழு, என் பழைய சக்கர உயிர்கள். மூன்றாம் நாள் காலை 40 மடங்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு மணற்துகள் கையை நீட்டியது.

அப்புறம் இன்னொரு கை. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு உடல், கண்ணாடி போலத் தெளிவு. நடுவில் பாசிச் சாறு பச்சையாக நிறைந்த குடல். தலையில் இரண்டு கரும்புள்ளி, அவைதான் கண். நான்கு சோடிக் கால், ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த நகங்கள். கடைசிச் சோடி பின்பக்கம் பார்த்தபடி இருக்கும், அதால் பாசி இலையைக் கொளுவிப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தால் எட்டி எட்டித் தேடும். வெறும் கண்ணாடியில் விட்டால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் எட்டுக் காலையும் அடித்துக்கொண்டு அதே இடத்தில் கிடக்கும். ஒரு பாசித் துண்டைக் கிட்ட வைத்தேன். நகம் பட்டதும் பிடித்து ஏறிவிட்டது. வாய்க்குள் இருந்து இரண்டு ஊசி வெளியே வந்து பாசியின் கலத்தைத் துளைக்க, தொண்டையில் உள்ள உருண்டைத் தசை பம்பி போல அடித்து உறிஞ்சுவதைத் தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இதயம் இல்லை, சுவாசப்பை இல்லை. ஆனால் நடையில் அப்படியே கரடி.

இந்த உருவத்தைப் பார்த்துத்தான் 1773இல் ஜேர்மன் பாதிரியார் யோஹான் கோட்ஸ இதற்குச் சின்ன நீர்க்கரடி என்று பேர் வைத்தார். மூன்று வருடம் கழித்து இத்தாலியர் ஸ்பல்லன்சானி மெல்ல நடப்பது என்ற பொருளில் தார்திகிராதோ என்றார், விஞ்ஞானத்தில் அந்தப் பேரே நிலைத்தது. அவர்களுக்கும் முன்னால், 1702இல், டச்சுக்காரர் லீவன்ஹூக் தன் வீட்டுக் கூரைப் பீலியில் காய்ந்து கிடந்த தூசுக்கு நீர் விட்டுப் பார்த்தபோது எங்கள் சக்கர உயிர்கள் எழுந்து ஓடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். என் வீட்டுப் பாசியும் கூரையில் இருந்து விழுவதுதான் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

சரி, சேர் சொன்ன மற்றப் பாதி? காய்ந்தாலும் சாகாது என்பது?

கரடி ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரோடு விட்டு, மேசை விளக்குக்குக் கீழே வைத்தேன். பத்து நிமிடத்தில் துளி வற்றியது. அடுத்த நாள் நீர் விட்டுக் காத்திருந்தேன். தட்டையாக ஒட்டிக் கிடந்தது, எழும்பவில்லை. மூன்று தடவை செய்து மூன்றையும் கொன்றேன். மனம் பாரமாகிவிட்டது.

பிழை எங்கே என்று படித்தபோதுதான் விளங்கியது. அது காய்வதற்கு அவகாசம் வேண்டும். பாசிக்குள் இருக்கும்போது ஈரம் மெல்ல மெல்லத்தான் போகும். அந்த நேரத்தில் கரடி தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து, உடலைச் சுருக்கி, பீப்பா போல ஆகிவிடும். 1922இல் பௌமான் என்பவர் இந்த நிலைக்குச் சின்னப் பீப்பா என்றே ஜேர்மன் மொழியில் பேர் வைத்தார். உடலின் நீர் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும், உயிர்ச்செயல் கிட்டத்தட்ட நின்றுவிடும். அது சும்மா வற்றிப்போவதில்லை, ஆயத்தம் செய்கிறது. 2017இல் தோமஸ் பூத்பி குழுவினர் அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். காயத் தொடங்கியதும் கரடியின் கலங்களில் தனியான ஒரு வகைப் புரதம் பெருகுகிறது. நீர் போகும் இடத்தில் அது கண்ணாடி போல இறுகி, மற்றப் புரதங்கள் குலையாமல் பிடித்துவைக்கிறது. நான் கொன்ற மூன்றுக்கும் அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை.

பிறகு வடிகட்டும் தாளில் விட்டு, மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்துக் காயவிட்டேன். தாளில் இருந்தது ஒரு தவிட்டுத் துகள் என்றுதான் யாரும் சொல்வார்கள். நீர் விட்டேன். இருபது நிமிடத்தில் பீப்பா ஊதியது. முக்கால் மணி நேரத்தில் பின்கால்கள் வெளியே வந்தன. ஒரு மணி நேரம் கடந்து, நடந்தது.

இதன் தாங்குசக்தி பற்றிப் பத்திரிகைகளில் வருவதில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. 2007 செப்டெம்பரில் போட்டோன்-எம்3 விண்கலத்தின் வெளிப்புறத்தில் காய்ந்த கரடிகளைப் பத்து நாள் அளவில் விண்வெளியின் வெற்றிடத்தில் விட்டார்கள். திரும்பி வந்து பெரும்பாலானவை எழும்பின, முட்டையும் இட்டன. ஆனால் சூரியனின் முழு ஊதாக்கடந்த கதிரும் பட்டவற்றில் தப்பியவை மிகச் சில. 1983 நவம்பரில் அந்தாட்டிக்காவில் எடுத்த பாசியை ஜப்பானியர்கள் -20 பாகையில் வைத்திருந்து 2014 மேயில் வெளியே எடுத்தபோது, இரண்டு கரடிகளும் ஒரு முட்டையும் உயிரோடு இருந்தன. அவற்றில் ஒன்று பிறகு 19 முட்டை இட்டு, 14 பொரித்தன. முப்பது வருடம் உறைந்து கிடந்த ஒரு தாய்! இதை வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

120 வருடம் தாங்கும் என்று எழுதுவதுதான் மிகை. 1948இல் இத்தாலிய ஆய்வாளர் பிரான்செஸ்கி, அருங்காட்சியகத்தில் 120 வருடம் கிடந்த பாசியை நனைத்தபோது ஒரு கரடியின் கால் சற்று அசைந்ததைக் கண்டார். அது எழும்பி நடக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நனைந்து நடமாடும் கரடி மிக மெல்லிய சீவன். 2020இல் டென்மார்க்கில் செய்த சோதனையில், கூரைப் பீலிகளில் வாழும் ஒரு இனம் நனைந்த நிலையில் 37 பாகையில் ஒரு நாள் இருந்தாலே பாதி செத்துவிட்டது. காய்ந்த நிலையில் பாதியைக் கொல்ல ஒரு மணி நேரம் 82 பாகைக்கு மேல் தேவைப்பட்டது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கிணற்றடி மதிலில் ஒரு கரடி பிழைத்திருக்குமானால், அது காய்ந்திருப்பதால்தான்.

2018 ஆவணியில் ஊருக்குப் போனபோது நுணுக்குக்காட்டியைச் சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுபோனேன். சேருக்கு அப்போது 84 வயது. கண்புரை வெட்டியிருந்தார். நான் பேரைச் சொல்ல, "எந்த பட்ச்?" என்றார். சொன்னேன். "சேர், அந்தக் கரடியைக் கண்டுட்டன். நீங்கள் வந்து சொல்லச் சொன்னனீங்கள்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். வடக்குப் பக்க மதிலில் பாசி கறுத்து, தொட்டால் உதிரும்படி காய்ந்திருந்தது. மழை கண்டு மாதக்கணக்கு. தானே கத்தியால் சுரண்டினார். ரீச்சர், அதாவது சேரின் மனைவி, ஒரு கோப்பை தந்தார். இரவு ஊறப்போட்டோம்.

காலையில் எனக்குப் பயமாக இருந்தது. லண்டன் பாசியில் இருப்பது இங்கும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான்கு தகடு பார்த்தேன், சக்கர உயிர்கள்தான். ஐந்தாவதில், கபில நிறத்தில், ஒரு பாசி இலையின் கரையைப் பிடித்தபடி நின்றது. ஒன்றும் சொல்லாமல் கதிரையை விட்டு எழும்பினேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். குமிழைத் தானே திருப்பினார், விரல்களுக்கு இன்னும் அந்தப் பழக்கம் இருந்தது.

"ஓ..." என்றார். "நடக்குது. தம்பி, நடக்குது."

அரை நிமிடம் அல்ல, அன்று மத்தியானச் சாப்பாடு வரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ரீச்சர் பார்த்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். நுணுக்குக்காட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வரும் முன் ஒரு வேலை செய்தோம். மிச்சப் பாசியை நிழலில் காயவைத்து, கடதாசியில் மடித்து ஐந்து பொதியாக்கினோம். சேர் ஒவ்வொன்றிலும் திகதி எழுதி அலுமாரியில் வைத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு பொதி பிரிப்பது என்று பேச்சு. தொலைபேசியில் இதுதான் எங்கள் கதை. 2020இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், தங்கள் வளாகத்துக் காங்கிறீற் மதில் பாசியில் எடுத்த செங்கபில நிறக் கரடி, மற்ற உயிர்களைக் கொல்லும் ஊதாக்கடந்த கதிரை நீல ஒளியாக மாற்றித் தப்புகிறது என்று வெளியிட்டார்கள். சொன்னேன். "மதில் பாசியோ? எங்கடையும் கபிலம்தானே" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார். அந்த 1948ஆம் ஆண்டுக் கதையையும் ஒரு நாள் சொன்னேன். "கால் ஆடினது காணாது. நடக்க வேணும்" என்றார்.

சேர் 2022இல் காலமானார். அடுத்த வருடம் போனபோது ரீச்சர் நுணுக்குக்காட்டியையும் ஒரு சி.ஆர். கொப்பியையும் என் கையில் தந்தார். எங்கள் பட்ச் நண்பர்கள் சேர்ந்து இன்னும் நான்கு வாங்கி, ஐந்தையும் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். அவற்றைப் பெட்டியில் பூட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். கொப்பியை நான் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் கரும்பலகையில் எழுதும் அதே சரிந்த எழுத்து. முதற் பொதி, ஆறு மாதம்: 11 நடந்தன. இரண்டாவது, ஒரு வருடம்: 6. மூன்றாவது: 2. நான்காவது பொதி, இரண்டு வருடம், அதற்கு ஒரு முழுப் பக்கம். 24 மணி நேரம் ஊறியது, ஒன்றும் இல்லை. 48 மணி நேரம், ஒன்றும் இல்லை. அதன் கீழே, கை நடுங்கி எழுதிய வரி:

"72 மணி. ஒன்று. இடது பின்கால் அசைந்தது. நடக்கவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை."