பதினோரு மூலைகள், ஒரு கைப்பேசி

பதினோரு மூலைகள் உள்ள ஒரு நிலத்தைக் கைப்பேசியிலேயே அளந்து வரைபடமாக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது, ஒரு முற்பகலில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள் என் சொந்த மடமைக்குப் போயின.

கணினியில் க்யூஜிஐஎஸ், கைப்பேசியில் க்யூஃபீல்ட். இரண்டும் வரைபடம் தயாரிக்க உதவும் கட்டற்ற மென்பொருள்கள். கணினியில் அமைத்த திட்டக் கோப்பு அதே நிறங்களோடும் படிவங்களோடும் கைப்பேசியில் திறக்கும். முந்தைய இரவே மூன்று அடுக்குகளை உருவாக்கி வைத்தேன்: எல்லைக் கற்களுக்குப் புள்ளி, வரப்புக்குக் கோடு, நிலத்துக்குப் பலகோணம். கல்லின் வகையை எழுதாமல் பட்டியலில் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி வைத்தது மட்டுமே அன்று நான் செய்த புத்திசாலித்தனம். வெயிலில் வியர்த்த விரலால் எழுத்தடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அங்கே இணையம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று செயற்கைக்கோள் படத்தையும் கைப்பேசிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டேன்.

முதல் நாள் வெறும் கைப்பேசியோடு இறங்கினேன். ஒவ்வொரு கல்லின் மேலும் நின்று பொத்தானைத் தொட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எட்டுத் தசம இலக்கங்களோடு வந்து நின்றன. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. எட்டாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதே திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘துல்லியம் 4 மீட்டர்’ என்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கையில் டேப் இருந்ததால் விளையாட்டாக மூன்றாம் கல்லுக்கும் நான்காம் கல்லுக்கும் இடையே பிடித்துப் பார்த்தேன்: 62.4 மீட்டர். கைப்பேசி சொன்னது 57.9. திரும்பப் போய் மூன்றாம் கல்லின் மேலேயே நின்றேன். புள்ளி மூன்று மீட்டர் நகர்ந்து வேறிடத்தில் விழுந்தது. வெட்டவெளியில் சாதாரணக் கைப்பேசியின் நிலை ஐந்து மீட்டர் அளவில் இப்படி அலைவது இயல்புதான். கிணறு எங்கே, மரம் எங்கே என்று குறிக்க அது தாராளம். எல்லைக் கல்லுக்கு ஆகாது.

மறுநாள், செயற்கைக்கோள் சிக்னலில் உள்ள பிழையை அவ்வப்போதே திருத்திக்கொள்ளும் ஆர்டிகே ரிசீவர் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு மீட்டர் கம்பத்தில் பொருத்தி, புளூடூத் வழியே செயலியோடு இணைத்தேன். இடம் துல்லியமாகத் தெரிந்த அடிநிலையம் ஒன்றிலிருந்து இணையம் வழியே திருத்தம் வந்தால் இந்தக் கருவி சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். ஆனால் எப்போது இறங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். ரிசீவர் அனுப்பும் வரிகளில் தரத்தைக் குறிக்கும் ஓர் எண் வரும். 4 என்றால் ‘ஃபிக்ஸ்’, 5 என்றால் ‘ஃப்ளோட்’. நாலைவிட ஐந்து பெரிதல்லவா, மேலானதாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, ஐந்து வரும்வரை காத்திருந்துகூடச் சில கற்களைப் பதிவு செய்தேன். உண்மை நேர்மாறு: நாலில் சென்டிமீட்டர் கணக்கு, ஐந்தில் அரை மீட்டர்கூடத் தவறலாம். இதையும் டேப்தான் காட்டிக்கொடுத்தது. கம்பம் நேராக நிற்கிறதா என்று காட்டும் குமிழியையும் சொல்ல வேண்டும். மூன்று பாகை சாய்ந்தாலே நுனி பத்து சென்டிமீட்டர் விலகிவிடும். கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் கை நடுங்கக் கூடாது.

உயரத்தை நான் தொடவே இல்லை. செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டதல்ல. சில இடங்களில் இரண்டுக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு வரும்.

மாலையில் பரப்பைக் கணக்கிட்டபோது, எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நான்கு சதவீதம் கூடுதலாக வந்தது. நிலத்துக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற ஆள்கூற்று முறையிலேயே அடுக்கை உருவாக்கி, அந்தத் தட்டையான வரைபடத்தின் மேலேயே பரப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை எழுதியிருந்தேன். அந்த முறை நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலத்தைப் பெருக்கிக் காட்டும். 60 பாகையில் நான்கு மடங்கு. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அளவு அதிகம் சிதையாமல் காட்டும் யூடிஎம் முறையில், அந்தப் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றியதும் கூடுதல் நிலம் மறைந்துபோயிற்று. நிலத்துக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், ஃப்ளோட்டில் எடுத்த கற்களை மீண்டும் அளந்து, கோப்பைக் கணினிக்கு நகலெடுத்தேன். திறந்தால் கடைசியாக எடுத்த புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. புள்ளிகள் சேமிக்கப்பட்டிருந்த ஜியோபேக்கேஜ் கோப்பு என்பது உள்ளுக்குள் எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளம். புதிய மாற்றங்களைச் சில நேரம் பக்கத்திலேயே இன்னொரு கோப்பில் எழுதிவைத்து, பிறகுதான் மூலத்தில் சேர்க்கும். அந்தக் கோப்பின் பெயர் ‘வால்’ (-wal) என்று முடியும். நான் ஏதோ தற்காலிகக் குப்பை என்று வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துவந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, இடம் வேண்டுமென்று கைப்பேசியிலிருந்த கோப்புறையையும் அழித்தாயிற்று. இப்போதெல்லாம் முழுக் கோப்புறையையும் எடுக்கிறேன். கணினியில் திறந்து புள்ளிகளை எண்ணிப் பார்த்த பிறகே கைப்பேசியில் கைவைக்கிறேன்.

நான்காம் நாள் அதே கற்கள், மூன்றாம் முறை. பத்துக் கல் நன்றாகக் கிடைத்தன. பதினோராவது ஒரு பெரிய மரத்தடியில். இலைகளுக்கு அடியில் சிக்னல் எங்கெங்கோ பட்டுத் தெறித்து வருவதால் அரைமணி நேரம் நின்றும் ஃபிக்ஸ் வரவில்லை. கம்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி டேப்பை எடுத்தேன். உறுதியாகக் கிடைத்த இரண்டு கற்களிலிருந்து அந்தக் கல்லுக்கான தொலைவுகளை அளந்து, வீட்டுக்கு வந்து கணினியில் அந்த ஆரங்களில் இரண்டு வட்டம் வரைந்தேன். அவை இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டன. ஒன்று பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றுக்குள் விழுந்தது. மற்றதை எடுத்துக்கொண்டேன்.