பாலத்து ஏற்றத்தில் இழுக்க மறுத்த வண்டி

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு சிறிய டீசல் சுமை வண்டியில், ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் கருவாட்டு மூட்டைகளை ஏற்றிச் செல்வது என் தொழில். சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை, பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதியில், படகுகள் கீழே சென்று வருவதற்காக உயர்த்திக் கட்டிய அந்த ஏற்றத்தில், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தும் வண்டி சோர்ந்துபோய் இரண்டாம் கியரில் ஊர்ந்தது. பாலத்தில் எதிர்க்காற்று பலமாக இருந்ததால் முதலில் காற்றின் மீதுதான் பழியைப் போட்டேன். ஆனால் மண்டபம் தாண்டி, காற்று அடங்கிய உச்சிப்புளிச் சாலையிலும் வண்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை.

கிளட்ச் தேய்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் உயர்ந்து வண்டி மட்டும் பின்தங்கும். இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்கின. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நான்கு டிரம்களையும் தொட்டுப் பார்த்தேன், எதுவும் சுடவில்லை. பின்னால் பைக்கில் வந்த என் அண்ணன் மகன், “சித்தப்பா, புகையே வரலை” என்று சொன்னதுதான் அன்று கிடைத்த உருப்படியான தகவல். காற்று போதாமல் எஞ்சின் திணறினால், எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வரும். முழுதாக மிதித்தும் புகை இல்லையென்றால், எஞ்சினுக்குப் போதிய டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

ராமநாதபுரத்தில் டீசல் பில்டரைக் கழற்றியபோது அடியில் அரைத் தம்ளர் தண்ணீர் இருந்தது. புதிய பில்டர் போட்டு, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்து, பில்டரின் மேல் திருகு வழியாகக் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினோம். அப்படியே பங்கில் டாங்கையும் நிரப்பிக்கொண்டேன். வண்டி பழையபடி பாய்ந்தது. இரண்டு நாள் நிம்மதியாக ஓடி, மூன்றாம் நாள் அதே பாலத்தில் அதே ஏற்றத்தில் மறுபடியும் படுத்தது.

இந்த முறை மெக்கானிக், டீசல் பம்ப்பை இறக்கிச் சர்வீசுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதத்துக் கருவாட்டு வாடகையில் பாதிக்கு மேல். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வயதான வண்டியில் பம்ப் தேய்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் தேய்ந்த பம்ப் இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் மட்டும் ஏன் மக்கர் செய்ய வேண்டும் என்ற கேள்வி எனக்கு உறுத்தியது. டீசல் முள் நெடுநாளாகவே வேலை செய்யாததால், டீசல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டைப் புரட்டினால், இரண்டு முறையும் முழு டாங்க் போட்டு 230 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் இழுவை போயிருக்கிறது. அதாவது, டாங்க் ஏறக்குறைய பாதியான பிறகு. முதல் முறை எங்களைக் காப்பாற்றியது பில்டர் அல்ல, பில்டரோடு சேர்த்து நிரப்பிய டீசல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

டாங்கிலிருந்து பில்டருக்கு வரும் வழியில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை இடையில் பொருத்தச் சொன்னேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஓரிரு குமிழிகள் நகர்ந்தன; மிதித்தவுடன் சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரை பொங்கி வந்தது. பைப் நெடுகிலும் ஈரமே இல்லையே, எங்கிருந்து காற்று வருகிறது என்று மெக்கானிக் திகைத்தார். பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈரத்தைத் தேடிக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது.

டாங்கைத் தவிர்த்துவிட்டு, கேபினுக்குப் பின்னால் கட்டிய ஐந்து லிட்டர் கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்துப் பார்த்தோம். எஞ்சினில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள் விட மறந்துபோனதால், திரும்பி வரும் டீசல் எல்லாம் டாங்குக்குப் போய், கேன் சீக்கிரமே காலியாகி நடுச்சாலையில் நின்றோம். அதைச் சரிசெய்த பிறகு, அதே சுமையோடு பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறினேன். டியூபில் ஒரு குமிழிகூட இல்லை.

பம்ப் தப்பித்தது, குற்றவாளி டாங்குக்குள் இருந்தது. டாங்கின் மேல் மூடியோடு சேர்ந்து உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். அதன் கீழ்முனையை மெக்கானிக் கட்டைவிரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, மேல்முனையில் வாயை வைத்து ஊதினார். குழாயின் நடுவுக்குச் சற்று மேலே, துருப்பொருக்குக்கு அடியிலிருந்து, ஊசி நுழையும் அளவே இருந்த இரண்டு துளைகள் வழியாகக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. டீசல் அந்த மட்டத்துக்கு மேல் நிற்கும்வரை துளைகள் மூழ்கியிருந்ததால் கெடுதல் இல்லை; மட்டம் இறங்கியதும் பம்ப் டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. ஏற்றத்தில் டீசல் தேவை கூடும்போது உறிஞ்சும் வேகமும் கூடுவதால், கோளாறு முதலில் பாலத்தில்தான் தலைகாட்டியது. உப்புக் காற்று அடிக்கும் கடற்கரையில், எப்போதும் அரை டாங்கோடு இரவில் நிறுத்தி வைத்த என் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. காலியான பாதியில் நிற்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து உள்சுவரிலும் குழாயிலும் வியர்த்திருக்கும்.

செம்புக் குழாய் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசின் சேரும் என்பதால் நான் துருப்பிடிக்காத எஃகுக் குழாயே வேண்டும் என்றேன். லேத் பட்டறையில் மூடியை மட்டும் கொடுத்துப் பற்றவைத்து வாங்கி வந்தோம். டாங்கை நெருப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை. டாங்கைக் கழுவியபோது அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீரும் சேறும் வந்தன. செம்பு வாஷர்களையும் புதிதாக மாற்றி, காற்றை வெளியேற்றிய பின், மொத்தச் செலவு 1,800 ரூபாயில் முடிந்தது.

பிளாஸ்டிக் டியூபை மட்டும் ஒரு வாரம் அப்படியே விட்டு வைத்தேன். டாங்க் பாதிக்குக் கீழ் இறங்கிய நாளில், பாலத்தைத் தாண்டி மண்டபத்தில் நிறுத்தி, கீழே குனிந்து பார்த்தேன். டீசல் தெளிவாக, அசைவே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் டியூப் மஞ்சளடித்து விறைக்கத் தொடங்கியிருந்ததால், மறுநாள் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டுக்கொண்டேன்.