15 கிலோமீட்டருக்குள்

சமுதாய வானொலியில் நான் பணிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒலிச்சித்திரங்கள் தயாரிக்கும் கனவோடு வந்திருந்த என்னிடம் நிலையப் பொறுப்பாளர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒலிபரப்பாகும் 10 நிமிட உள்ளூர் அறிவிப்புகளை இனி நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்றார். மின்தடை நேரம், குடிநீர் வரும் நாள், நூலக விடுமுறை, தொலைந்துபோன சாவிக்கொத்து, கண்டெடுத்த பை, இரத்ததான முகாம், இறப்புச் செய்தி ஆகியவை அந்த நோட்டில் வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தன. இதழியல் படித்துவிட்டு வந்தவனுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. சாவிக்கொத்து தொலைந்த செய்தியைச் சொல்ல ஒரு வானொலி நிலையம் எதற்கு என்று நண்பர்களிடம் சலித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

எங்கள் டிரான்ஸ்மிட்டரின் எட்டும் தூரமும் எனக்குக் குறையாகவே பட்டது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே குன்றோ உயர்ந்த கட்டடங்களோ இருந்தால் அவற்றின் பின்புறம் ஒலி மங்கிவிடும். எங்கள் ஒலிபரப்பு நல்ல நாளில் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். திறனை இரண்டு மடங்காக்கினால் தூரமும் இரண்டு மடங்காகாதா என்று ஒருநாள் எங்கள் பொறியாளரிடம் கேட்டேன். தடையே இல்லாத வெளியில்கூடத் தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும் என்றும், அதைவிட ஆண்டெனாவைச் சில மீட்டர் உயர்த்துவது பலன் தரும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். எல்லைப் பகுதியில் அதே அலைவரிசையில் வேறொரு வலுவான நிலையம் நுழைந்தால் இரண்டு குரல்களும் கலந்து கேட்காது. பண்பலையில் வலுத்தது மற்றதை அப்படியே விழுங்கிவிடும் என்றும் சொன்னார். எங்கள் குரல் தேய்ந்து மறையக்கூட வாய்ப்பில்லாமல் சட்டென்று இல்லாமல் போகும் அந்த இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கையடக்க வானொலியோடு சைக்கிளில் போனேன். ஒரு வளைவைத் தாண்டியதும் எங்கள் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிறிய வட்டத்துக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது ஒரு தவறு செய்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தொலைபேசியில் வந்த இறப்புச் செய்தியொன்றை அவசரத்தில் குறித்துக்கொண்டபோது, இறந்தவரின் பெயருக்குப் பதிலாக அவருடைய அண்ணனின் பெயரை எழுதிவிட்டேன். இருவருக்கும் தலைப்பெழுத்து ஒன்றே, பெயரிலும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. காலை 7 மணிக்கு அதைத் தெளிவாக, உரிய இடைவெளிகளோடு, குரலைத் தாழ்த்தி, மிக நன்றாகவே வாசித்தேன். 9 மணிக்கு அந்த அண்ணனே நிலையத்துக்கு வந்து நின்றார்.

"தம்பி, காலையில என்னைச் சாகடிச்சது நீங்கதானா?" என்று கேட்டார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்து ஊர்ல இருக்கிற எம்பொண்ணு ரேடியோவைக் கேட்டுட்டு அழுதுக்கிட்டே ஓடியாந்துட்டா. அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மகள் வாசலில் நின்றிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், எப்போது திருத்திச் சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டார். மாலை 6 மணி அறிவிப்பில் என்றேன். "காலையில கேட்டவங்கதான் சாயங்காலமும் கேப்பாங்களா?" என்றார். ஒலிபரப்புப் பயிற்சி வகுப்புகளில் நான் கேட்டிராத கேள்வி அது. அச்சில் வந்த பிழையைத் திருத்தம் தேடிப் போய்ச் சேர முடியும். காற்றில் போன சொல்லை, அதைக் கேட்ட காதுகள் மறுபடியும் அதே வேளையில் அதே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் துரத்த முடியும். அந்தத் திருத்தத்தை அன்று உடனே ஒருமுறையும், மாலையில் ஒருமுறையும், மறுநாள் காலை 7 மணிக்கு அதே வரிசையில் அதே இடத்தில் ஒருமுறையும் வாசித்தோம். பிறகு, பெயர்களை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும், இறப்புச் செய்தியென்றால் வீட்டார் ஒருவரை நாமே அழைத்துக் கேட்பதும், எந்த வேளையில் பிழை நேர்ந்ததோ அந்த வேளையிலேயே திருத்தம் வருவதும் எங்கள் வழக்கமாயின.

பெரிய நிலையத்தின் அறிவிப்பாளர் தன் நேயரைப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்பவர் எவரும் நினைத்தால் அரை நாளில் நடந்து வந்து என் முன்னால் நிற்க முடியும். அதை உணர்ந்த பிறகு என் மொழி மாறியது. "அப்பகுதி மக்கள் அலட்சியமாக உள்ளனர்" என்று எழுதப் போன கை நின்றது. அந்தப் பகுதி மக்களில் நான்கு பேரை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் எங்கள் நிலையத்திலேயே வாரம் இருமுறை ஒலிப்பதிவு செய்கிறார்.

நேரலை நிகழ்ச்சிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உள்ளூர்க் கால்பந்து இறுதிப் போட்டியை முதன்முறை ஒலிபரப்பியபோது, கோல் விழுந்தால் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தோம். பாதி ஆட்டத்தில் தொலைபேசி அடித்து, இப்போது என்ன நிலவரம் என்று ஒருவர் கேட்டார். வானொலியைக் கேட்பவர் எந்த நொடியிலும் உள்ளே வரலாம். அவருக்கு முன்கதை எதுவும் தெரியாது. அதனால் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை கோல் கணக்கைச் சொல்ல ஒரு மணற்கடிகாரத்தை வர்ணனையாளர் எதிரே வைத்தோம்; மணல் இறங்கி முடிந்ததும் கணக்கைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். மைதானத்தில் காற்று பெரும் எதிரி. மைக்கின் மேல் பஞ்சு உறை போடாவிட்டால் ஆட்டத்துக்குப் பதிலாகப் புயலைத்தான் ஒலிபரப்புவோம். வர்ணனையாளருக்கு ஆட்டக்காரர்கள் அனைவரையும் தெரியும் என்பது வரமாகவும் தொல்லையாகவும் இருந்தது. பந்தைத் தவறவிட்ட பையனைப் பற்றி அவர் சொன்ன ஒரு கிண்டலை அவனுடைய பாட்டி வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மறுநாள் தெரியவந்தது.

முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் வாராந்திர நிகழ்ச்சியே நான் அதிகம் கற்ற இடம். திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சரளமாகப் பேசுபவர்கள், சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதுபோல் மாறிவிடுவார்கள். மறைத்துப் பதிவுசெய்வதை நாங்கள் ஏற்கவில்லை. அதற்குப் பதில், கருவி ஓடுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதை அவர்கள் மறக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். எதை ஒலிபரப்பலாம் என்பதை முடிவில் அவர்களையே கேட்போம். கிளம்புமுன் அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவுசெய்துகொள்வது அவசியம். வெட்டி ஒட்டும்போது இரண்டு வாக்கியங்களுக்கிடையே அதைத்தான் நிரப்ப முடியும். முழு நிசப்தத்தை வைத்தால் காது அங்கே தடுக்கி விழும். (கலையகச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று நம்பி ஒரு சுவர் முழுக்க ஒட்டியவர்கள் நாங்கள். தெருவின் இரைச்சல் அப்படியே வந்தது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கத் தடித்த போர்வைகளே கைகொடுத்தன.)

எங்கள் நிலையத்தில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கொலம்பியாவின் சுதத்தென்சா என்ற சிற்றூரில் 1947-இல் ஒரு பாதிரியார் தொடங்கிய வானொலி உழவர்களுக்கு எழுத்தறிவு ஊட்டியது; பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு நிலையங்கள் நடத்தினார்கள். என்னை மிகவும் ஈர்த்தது இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலி. இணையம் எளிதில் எட்டாத 1999-இல், யுனெஸ்கோவின் துணையோடு, நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, ஒலிபரப்பிலேயே தங்கள் மொழியில் விளக்கினார்கள். அதைப் பின்பற்றி நாங்களும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். இன்று இணையம் எல்லோர் கையிலும் இருக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் ஐயப்பட்டேன். வந்தவை பெரும்பாலும் விண்ணப்பப் படிவங்களைப் பற்றிய கேள்விகள்: இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, இந்தச் சான்று யாரிடம் வாங்குவது. தகவல் கையில் இருந்தது. அதை வாய்விட்டுப் படித்துக்காட்ட ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

பணத்தட்டுப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஓரிரு ஆண்டுகளில் பெரிய நிலையங்களுக்குப் போய்விடுவார்கள். வருத்தமும் பெருமையும் பாதிப்பாதி.

கடந்த ஆண்டு நூலக ஆண்டு விழாவை நேரலையாக ஒலிபரப்பினோம். சிறப்பு விருந்தினரின் உரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முடிவதாக இல்லை. 6 மணியைத் தாண்டியதும், பெரிய மனிதர் பேசும்போது வெட்டுவது முறையல்ல என்று எண்ணி அறிவிப்புகளைத் தள்ளிப்போட்டேன். 6.04-க்குத் தொலைபேசி அடித்தது. ஒரு மூதாட்டி பேசினார். "ஏப்பா, அவரு பாட்டுக்குப் பேசட்டும். நாளைக்குத் தண்ணி வருமா வராதா, அதைச் சொல்லு." சொன்னேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் இதே கேள்வியோடு மேலும் மூன்று அழைப்புகள் வந்தன. இப்போதெல்லாம் யார் பேசிக்கொண்டிருந்தாலும், மாலை 5.58-க்கு ஒலியை மெல்லத் தாழ்த்திவிட்டு, நோட்டை எடுத்து மைக்கின் முன் உட்கார்ந்துவிடுகிறேன்.