முழங்கால் வலியும் நாற்காலிப் பயிற்சியும்

மாடிப்படியில் ஏறும்போது எனக்கு வலித்ததில்லை. இறங்கும்போது, அதுவும் இடது காலைக் கீழ்ப்படியில் வைப்பதற்காக உடலின் பாரம் முழுவதையும் வலது கால் தாங்கி மெல்ல மடங்கும் அந்த ஒரு கணத்தில்தான், முழங்கால் சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று குத்தியது. அப்போது எனக்கு அறுபது வயது. வலிக்கிற இடத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லோரும் நினைப்பதைப் போலவே நானும் நினைத்தேன். படிகளைத் தவிர்த்தேன், மாலை நடையைப் பாதியாக்கினேன், பிறகு அடியோடு நிறுத்தினேன். ஆறு மாதம் இப்படிக் காலைப் பொத்திப் பாதுகாத்ததன் பலனாக, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் கிடைத்த ஒரு சொல்லே என்னை அவ்வளவு தூரம் முடக்கியது. ‘தேய்மானம்’ என்ற சொல்தான் அது. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துபோகும் பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் நெடுநாள் வரும் என்பதுதானே அந்தச் சொல்லிலிருந்து நமக்குத் தோன்றும் பொருள்? மூட்டு அப்படிப்பட்டதன்று. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தித் திரவத்தை வெளிவிடுகிறது. எடுக்கும்போது விரிந்து மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அசைவும் அளவான பாரமும் இல்லாவிட்டால் இந்தப் போக்குவரத்தே மந்தமாகிவிடும். குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. ஆகவே வலி அதிலிருந்து நேரடியாக எழுவதில்லை, மூட்டுறை, எலும்பு, சுற்றியுள்ள தசைநாண்கள் ஆகியவற்றிலிருந்தே எழுகிறது. எக்ஸ்ரேயில் மிகவும் மோசமாகத் தெரியும் மூட்டோடு வலியில்லாமல் நடமாடுபவர்களும், எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் வலியால் அவதிப்படுபவர்களும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு யாரும் முதலில் விளக்காத இன்னொரு விஷயம் தொடைத் தசையைப் பற்றியது. முழங்காலுக்குள் சிறிதளவு நீர் கோத்தாலே, தொடையின் முன்புறத் தசைக்குச் செல்லும் கட்டளையைத் தண்டுவடம் தானாகவே குறைத்துவிடுகிறது. நாம் சோம்பல்படுவதால் நிகழ்வதன்று இது. எவ்வளவு முயன்றாலும் தசை முழு வலிமையோடு இறுகுவதில்லை. இறுகாத தசை மெலிகிறது. மெலிந்த தசை அதிர்வைத் தாங்காததால் மூட்டின் மேல் பாரம் கூடுகிறது, வலி கூடுகிறது, வலிக்குப் பயந்து நாம் இன்னும் குறைவாக நடக்கிறோம். என் இரண்டு தொடைகளையும் முழங்கால் சில்லிலிருந்து ஒரு சாண் மேலே நாடாவால் அளந்து பார்த்தபோது, வலது தொடை இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. ஆறு மாத ஓய்வு எனக்குச் செய்தது அதுதான்.

இயன்முறை மருத்துவத்தை நான் நாடிய முதல் முறை அது எனக்குப் பலன் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து நாட்கள் ஒரு கட்டிலில் படுத்திருந்தேன். முழங்காலில் பட்டைகளை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள், பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியைச் சுழற்றினார்கள், பிறகு வெந்நீர்ப் பை. ஒவ்வொரு நாளும் ஓரிரு மணி நேரம் இதமாக இருந்தது, மாலையில் பழைய வலி திரும்பியது. ஒரு முறைகூட என்னை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. ‘பிசியோதெரபி செய்து பார்த்தேன், பயனில்லை’ என்று சொல்பவர்களில் பலர் இந்த அனுபவத்தையே சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் போன்ற கருவிச் சிகிச்சைகளை இந்நோய்க்கு அளிக்க வேண்டாம் என்றும், ஒவ்வொருவருக்கும் ஏற்ப அமைத்த உடற்பயிற்சியே அடிப்படைச் சிகிச்சை என்றும் தெளிவாகக் கூறுகிறது. வெந்நீர் ஒத்தடம் தரும் இதத்தை நான் குறைத்துப் பேசவில்லை; பயிற்சிக்கு முன் மூட்டின் இறுக்கம் தளர அது உதவும். ஆனால் அத்தோடு சிகிச்சை முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் பிழை.

இரண்டாவதாகச் சந்தித்த இயன்முறை மருத்துவர் முதல் நாள் எந்தக் கருவியையும் தொடவில்லை, அளந்தார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முப்பது நொடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர முடிகிறது என்று எண்ணினார். ஏழு முறைதான் முடிந்தது. 60 முதல் 64 வயதுள்ள ஆண்களுக்குப் பதினான்குக்குக் குறைந்தாலும், அதே வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலும் அது சராசரிக்குக் கீழ் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை கூறுகிறது. அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமரச் சொன்னார். பதினான்கு நொடி ஆயிற்று. பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்கிறார்கள். கோணமானியை வைத்துப் பார்த்ததில் என் முழங்கால் முழுதாக நீள எட்டு டிகிரி குறைந்தது, மடங்குவது 112 டிகிரியோடு நின்றது. சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 60 டிகிரி மடங்கினால் போதும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டும். ‘மடங்காததைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், நீளாததைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்’ என்றார் அவர். கால் முழுதாக நீளாவிட்டால் நிற்கும் நேரம் முழுவதும் தொடைத் தசை ஓய்வின்றி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பது அதன் காரணம்.

கடைசியாக ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் நின்றபோது இடுப்பின் இடப்பக்கம் சரிந்தது, முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தது. வலி முழங்காலில் இருந்தாலும் பலவீனத்தில் பாதி இடுப்புப் பக்கத் தசையில் இருந்ததை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது.

பயிற்சிகள் மிக எளிமையாகத் தொடங்கின. கால் நீட்டி அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டை அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்தல். குதிகாலை மட்டும் ஒரு தலையணைமேல் வைத்து முழங்காலைத் தானாக நீளவிடுதல். மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் தூக்குதல். இரு பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்துதல். ஒருக்களித்துப் படுத்துப் பாதங்கள் சேர்ந்திருக்க மேல் முழங்காலை மட்டும் திறத்தல். இவற்றை எங்கு வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு உண்மையில் மாற்றத்தைக் கொண்டுவந்தது நாற்காலிப் பயிற்சி. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாற்காலியில் இரண்டு தடித்த மெத்தைகளைப் போட்டு இருக்கையை உயர்த்தினார். உயரம் கூடினால் முழங்கால் மடங்கும் அளவு குறையும், எழுவது எளிதாகும். கைகளை ஊன்றாமல் எழ வேண்டும்; அமரும்போது பொத்தென்று விழாமல், நான்கு எண்ணும் வரை மெல்ல இறங்க வேண்டும். எழுவதைவிட இறங்குவதில்தான் அவர் கண்டிப்பாக இருந்தார். தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்வது ஒரு வகை, நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்துப் பிடிப்பது இன்னொரு வகை. மாடிப்படியில் இறங்கும்போது தொடைத் தசை செய்ய வேண்டியது இரண்டாவது வேலை. என் காலால் முடியாமல் போனதும் அதுதான். பத்துப் பத்தாக மூன்று முறை, வாரத்துக்கு மூன்று நாள் செய்தேன். இரண்டு வாரங்களில் ஒரு மெத்தையை எடுத்தோம், ஐந்தாவது வாரம் மற்றதையும் எடுத்தோம், எட்டாவது வாரம் நெஞ்சோடு ஒரு பை நிறையப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு எழுந்தேன். பாரத்தை இப்படிப் படிப்படியாகக் கூட்டும் முறைக்குப் பழைய வரலாறு உண்டு: இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், முழங்காலில் காயமுற்ற வீரர்களுக்கு இலேசான பயிற்சிகளைப் பலமுறை செய்யச் சொல்வதற்குப் பதிலாகக் கனத்த எடைகளைக் குறைந்த முறை தூக்கச் செய்து, அதன் பலனை 1945இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்பதே என்னை மிகவும் அலைக்கழித்த கேள்வி. அவர் தந்த விதி இது: வலியே இல்லாததைச் சுழியம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது ஐந்து வரை ஏறும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டாலும், மூட்டு வீங்கினாலும், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மூன்றாவது வாரம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் இரட்டிப்பாகச் செய்துவிட்டு மறுநாள் முழங்கால் உப்பிப்போய்க் கிடந்தேன். முன்பாக இருந்தால் எல்லாவற்றையும் கைவிட்டிருப்பேன். அவரோ மூன்றில் ஒரு சுற்றை மட்டும் குறைக்கச் சொன்னார். நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. மடக்கும்போது கேட்கும் கறகறவென்ற ஓசையைப் பற்றியும் கேட்டேன். வலியோ வீக்கமோ சேர்ந்து வராதவரை அந்த ஓசையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றார்.

என் ஒருவனின் அனுபவம் சான்றாகாது என்பதை அறிவேன். 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும், மறுபாதிக்கு இயன்முறை சிகிச்சையும் தந்து ஓராண்டு கழித்து ஒப்பிட்டார்கள். வலி, இறுக்கம், இயலாமை மூன்றையும் சேர்த்து 240 வரை மதிப்பிடும் அளவுகோலில் (எண் குறையக் குறைய நிலைமை மேல்) இரு குழுக்களும் ஏறத்தாழ 108இல் தொடங்கின. ஓராண்டு முடிவில் ஊசி பெற்றவர்களின் சராசரி 55.8, இயன்முறை சிகிச்சை பெற்றவர்களின் சராசரி 37. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் என்ற மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டம், இரண்டு விளக்க வகுப்புகளும் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளும் கொண்ட எளிய அமைப்போடு பிறகு வேறு பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

உடல் எடையைப் பற்றி ஒரு வரி: அதிக எடையுள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில்தான் பிடித்திருக்கிறார்கள்.

மற்ற மூட்டுகளுக்கு இதையே அப்படியே பொருத்திவிட முடியாது. தோள் மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போகும் ‘உறைந்த தோள்பட்டை’ நோயில், வலி கடுமையாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் கையை வலுக்கட்டாயமாக இழுத்தால் நிலைமை மோசமாகும். அங்கே பொறுமையாக, வலியின் எல்லைக்குள் அசைப்பதுதான் முறை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உறைந்த தோள்பட்டை அதிகமாக வருவதால் அவர்கள் முன்கூட்டியே கவனிப்பது நல்லது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில், காலையில் எழும்போது இருக்கும் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டி நெடுநேரம் நீடிக்கும். அதற்கு மருந்து முதலில் வேண்டும், பயிற்சி அதனோடு சேர்ந்து வர வேண்டும். ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பன்னிரண்டு வாரங்கள் கழித்து மறுபடி அளந்தபோது முப்பது நொடிகளில் பதின்மூன்று முறை எழுந்தேன், மூன்று மீட்டர் நடை ஒன்பது நொடியில் முடிந்தது, நீளாமல் நின்ற எட்டு டிகிரி இரண்டாகக் குறைந்தது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடவில்லை. பயிற்சி அதைச் செய்யாது. ஒரு நாள் எனக்கு மாற்று மூட்டு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அப்படி வந்தால், வலுவான தொடையோடு அதற்குப் போவேன், பிறகும் இதே பயிற்சிகளைத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு வேறு வேலைகளால் இரண்டு மாதம் பயிற்சியை விட்டுவிட்டேன். படியில் இறங்கும்போது பழைய இடத்திலேயே பழைய குத்தல் வந்தது. நிறுத்திய இடத்திலிருந்து தொடங்காமல், முன்பு செய்ததில் பாதி அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். அலமாரியில் இருந்த மெத்தைகளில் ஒன்றை எடுத்து மறுபடி நாற்காலியில் போட்டேன். மூன்று வாரத்தில் அதை எடுத்துவிட முடிந்தது. இப்போது படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தொடுவதில்லை.