கொழும்பில் பூரிம்: போயா கலண்டரிலிருந்து மாசி போடாத சம்பல் வரை

பூரிம், பைபிளின் எஸ்தர் கதையை நினைவுகூரும் யூதப் பண்டிகை. எபிரேய நாட்காட்டியில் ஆதார் மாதம் 14ஆம் நாள். அந்த மாதம் பிறையோடு பிறப்பதால் பண்டிகை எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். கொழும்பில் பௌர்ணமி என்றால் போயா, பௌத்தரின் புனித விடுமுறை நாள். 2025இல் மெதின் போயா மார்ச் 13. அன்று பொழுதுபட்டதும் பூரிம் தொடங்கிவிட்டது. 2027இல் மார்ச் 22 மாலை தொடங்கி 23 மாலை முடியும். ஆகவே மண்டபம் பேசுமுன் போயா கலண்டரைப் பாருங்கள். போயாவன்று மதுக்கடைகள் பூட்டு, ஹோட்டல்களிலும் பெரும்பாலும் மது பரிமாற மாட்டார்கள். கோஷர் வைனை, அதாவது யூத உணவு விதிப்படியான வைனை, முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கூடவே கோஷர் திராட்சைச் சாறும் இருக்கட்டும். பக்கத்தில் பன்சலை (பௌத்த விகாரை) இருந்தால் கிலுகிலுப்பைச் சத்தம் வெளியே போகாத அறையாகப் பாருங்கள். சில் எனும் போயா விரதம் அனுட்டிக்கும் அயலவருக்கு அந்த மரியாதை கட்டாயம் வேண்டும்.

பலர் தவறுவது நேரத்தில்தான். கடமைகள் நான்கு: எஸ்தர் கதை எழுதிய சுருளான மெகில்லாவை வாசிக்கக் கேட்பது, உணவு அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடுப்பது, விருந்து. மெகில்லா மட்டும் இரவும் பகலும். மற்ற மூன்றும் பகலில்தான். பூரிம் வழக்கப்படி வேடம் போட்டு இரவில் எவ்வளவு விமரிசையாகச் சாப்பிட்டாலும் அது பூரிம் விருந்து ஆகாது. வேலை நாளென்றால் லீவு போடத்தான் வேண்டும்.

மெகில்லா தோலில் கையால் எழுதிய சுருளாக இருக்க வேண்டும். அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தால் கடமை நிறைவேறாது. பத்து அதிகாரம், ஏறத்தாழ நாற்பது நிமிடம். ஒரு சொல்லும் காதில் விழாமல் போகக்கூடாது. யூதரை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயர் வரும்போது எல்லோரும் கிலுகிலுப்பை ஆட்டி இரைச்சல் போடுவார்கள். அது அடங்கும்வரை வாசிப்பவர் அடுத்த சொல்லைத் தொடவே கூடாது. முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினால் சத்தம் நிற்கட்டும் என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவையுங்கள். ஒலிபெருக்கியிலோ ஸூமிலோ கேட்பதைப் பெரும்பாலான ரப்பிகள் (யூத மதகுருமார்) ஏற்பதில்லை. அதனால் வாகன இரைச்சலுள்ள காலி வீதிப் (Galle Road) பக்கத்து அறையை விட்டுவிட்டுப் பின்னறையில் நெருங்கி உட்காருவதே நல்லது. மார்ச்சில் இங்கே சூரியன் 6.20, 6.25க்கு மறையும், 6.50க்குப் பிறகு தொடங்கலாம்.

இனி ஆமான்தாஷ் எனும் முக்கோண பிஸ்கட். 350 கிராம் கோதுமை மா, 120 கிராம் சீனி, 2 முட்டை, 100 மில்லிலீற்றர் எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு ஒரு சிட்டிகை, தோடம்பழத் தோல் துருவல். பட்டர் வேண்டாம், கோஷர் விதிப்படி இறைச்சியோடு பாலுணவு சேரக்கூடாது. எண்ணெய் என்றால் எந்த உணவோடும் பரிமாறலாம். முட்டையை ஒவ்வொன்றாகக் கிளாசில் உடைத்து, இரத்தப் புள்ளி இல்லையென்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். கொழும்புச் சூட்டில் மா உடனே தளர்ந்துவிடும், ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, 7 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து, மூன்று பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து மூலைகளை அழுத்துங்கள். மறுபடி கால் மணி நேரம் குளிர வைத்து, 180 பாகையில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். வாய் பிளந்தால் பெரும்பாலும் பூரணம் கூடிவிட்டது, அல்லது உருட்டும்போது தூவிய மா ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்கருவை விரலால் தடவி ஒட்டினால் பிடிக்கும்.

பழைய பூரணம் பொப்பி விதை. இங்கே கடையில் கசகசா என்று கேட்டால் பலூடாவில் போடும் விதைதான் பெரும்பாலும் கிடைக்கும். அது ஈரம் பட்டால் வழுவழுக்கும், பூரணத்துக்கு உதவாது. பேரீச்சம்பழம் நல்லது, ஒவ்வொன்றையும் பிளந்து பூச்சி பார்த்து எடுக்க வேண்டும். தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும் கிளறி வைப்பது எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஆனால் ஈரம் முற்றாக வற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடி ஊறிவிடும். கருப்பட்டி எதையெல்லாம் சேர்த்துக் காய்ச்சியது என்று விசாரித்து, ரப்பியிடம் கேட்டே வாங்குங்கள். சமையலுக்கு யூதரல்லாதவர் உதவலாம். ஆனால் அடுப்பையும் ஓவனையும் யூதர் ஒருவர் பற்றவைக்க வேண்டும்.

கோஷர் இறைச்சி இல்லையென்றால் மீனே போதும். அறுக்குளா, பாரை எதுவானாலும் தோலோடும் செதிலோடும் முழுதாக வாங்குங்கள். தோலுரித்த துண்டு எந்த மீன் என்று அடையாளம் தெரியாது. இறால், நண்டு, கணவாய், சுறா கூடாது. எல்லோரும் மறப்பது மாசிக் கருவாடு: கடைச் சம்பலில் அது இருக்கும், எந்த மீன் என்று அதிலும் தெரியாது, ஆகவே சம்பலை வீட்டிலேயே இடியுங்கள்.

உணவு அனுப்புவதென்றால் ஒருவருக்கு, உடனே சாப்பிடக்கூடிய இரண்டு வகை. சமைக்காத அரிசி ஆகாது. ஓட்டோவில் கொடுத்தனுப்பலாம், சொக்லேட் மட்டும் உருகிவிடும்.

ஏழைகளுக்கான பணம் இரண்டு பேருக்கு, அன்றைய பகலிலேயே போய்ச் சேர வேண்டும். இங்கே யூத ஏழைகள் இல்லையென்று இஸ்ரேலுக்கு அனுப்புவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: எருசலேமில் பூரிம் 15ஆம் நாள். அங்கே அடுத்த நாள் பங்கிடுவார்கள், உங்கள் கடமை தவறிவிடும். 14ஆம் நாளே வேறு ஊரில் கொடுப்பவரிடம் ஒப்படையுங்கள். அவர்களுக்கு விடியும்போது நமக்குக் காலை ஒன்பது தாண்டியிருக்கும். முதல் நாளே அனுப்பி, 14ஆம் நாள் பகலில் கொடுக்கச் சொல்லிவிட்டால் போதும்.