படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜி

திருகோணமலையில் ஹார்ட் கிளினிக்குக்கு அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், முக்கியமாக படபடப்புக்காகப் போகிறவர்களுக்கு. அம்மாவுக்கு அது வந்தால் அரை மணித்தியாலத்தில் தானாக நின்றுவிடும். நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து உள்ளே போகும்போது நெஞ்சு நல்ல பிள்ளை. ஈசிஜி நோர்மல். அது பதிவது பத்து விநாடித் துடிப்பைத்தான். அந்த நேரம் படபடப்பு இல்லையென்றால் அதில் என்ன தெரியப் போகிறது? தைரொயிட், இரத்தச்சோகை, எக்கோ என்கிற ஹார்ட் ஸ்கான் எல்லாம் பார்த்தாயிற்று, குறை இல்லை. "யோசிக்காதீங்கோ அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வந்த புது டொக்டர்தான் கேட்டார்: "எப்பிடி அடிக்குது எண்டு மேசையில தட்டிக் காட்டுங்கோ." அம்மா விரலால் படபடவென்று ஒரே சீராகத் தட்டி, சட்டென்று நிறுத்தினார். "இப்பிடித்தான், டக்கெண்டு நிக்கும்." டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயத்தில் வருவது மெல்ல ஏறி மெல்ல இறங்குமாம். படபடக்கும்போது எடுத்த ஈசிஜி இருக்கிறதா என்றார்.

இருந்தது, ஆனால் எங்களிடம் இல்லை! முன்பு ஒரு இரவு அவசரப் பிரிவில் எடுத்தார்கள். கையில் தந்த அட்டையில் 'படபடப்பு' என்ற ஒரு சொல்தான். ஈசிஜி அவர்களின் ஃபைலோடு போய்விட்டது.

பதிவேட்டு அறையில் இருந்தவர் தலையே நிமிர்த்தவில்லை. "டிக்கெட் நம்பர் இல்லாமல் தேட ஏலாது." நம்பர் அந்த அட்டையின் மூலையிலேயே இருந்தது, காட்டினேன். அப்போது டொக்டரின் கடிதம் வேண்டுமாம். இதை முதலே சொன்னால் என்ன? கடிதத்தோடு போன நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கதவு பூட்டு. கடைசியில் தேடித் தந்தது அங்கே வேலை செய்த ஒரு அக்கா. "பாவம், வயசானவ" என்று சொல்லிக்கொண்டே தூசிக்குள்ளிருந்து இழுத்து எடுத்தா. அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாகிற வகை, நாளாக நாளாக மங்கும். கோடுகள் ஏற்கனவே வெளிறியிருந்தன. வாசலிலேயே போனில் படம் எடுத்தேன்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். படபடப்போடு ஈசிஜி எடுத்தால், தாள் ஃபைலுக்குள் போகுமுன் தாதியிடம் கேட்டுப் படம் எடுங்கள். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை உடம்பில் கட்டினாலும் அந்த 24 மணித்தியாலத்துக்குள் வந்தால்தான் பிடிபடும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் கிளினிக் நாளைப் பார்க்கவே வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு போன் எடுங்கள்.

டொக்டர் படத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "எஸ்விடி," என்றார். இதயத்தின் மின் ஓட்டம் பிழைத்துத் திடீரென்று வேகமாக அடிப்பதாம். மாத்திரை எழுதினார், கொழும்புக்கும் ஒரு கடிதம். அப்புறம் படபடப்பை நிறுத்த ஒரு வித்தையும் காட்டித் தந்தார்: சாய்ந்திருந்து 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் வாயில் 15 விநாடி பலமாக ஊதி, உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் டொக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

போன கிழமை இரவு அம்மாவுக்கு வந்தது. அவ ஊதினா, நான் காலைத் தூக்கினேன். நின்றுவிட்டது.