குயின் தெருவுக்கு ஹர்லியின் பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள குயின் தெருவுக்கு 2008ஆம் ஆண்டில் கத்தோலிக்கப் பேராயர் டெனிஸ் ஹர்லியின் பெயர் சூட்டப்பட்டது. அக்காலத்தில் நகரின் பல தெருக்களுக்கு ஒரே வேகத்தில் புதுப்பெயர் வைத்ததால் எழுந்த மனத்தாங்கல் இன்றும் எங்கள் வீடுகளில் தீர்ந்தபாடில்லை. எங்கள் ஆயாவும் தம் கடைசிக் காலம் வரை "யாரைக் கேட்டு மாற்றினார்கள்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். மக்களிடம் இன்னும் பொறுமையாகப் பேசியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்த ஒரு தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஹர்லி 1915இல் கேப் டவுனில் பிறந்தவர். அவருடைய தந்தை கலங்கரை விளக்கக் காவலராக இருந்ததால், அவர் தம் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியை ராபன் தீவில் கழித்தார். வெள்ளையர் அரசின் இனஒதுக்கல் கொள்கையை எதிர்த்துப் போராடிய, நம் டர்பனைச் சேர்ந்த பில்லி நாயர் பின்னாளில் இருபது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்ததும் அதே தீவில்தான். ஹர்லி 1947இல், முப்பத்தொரு வயதில், ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது உலகக் கத்தோலிக்க ஆயர்களுள் அவரே மிக இளையவர். வெள்ளையராகப் பிறந்து, திருச்சபையின் உயர்ந்த பதவியையும் பெற்ற ஒருவர் வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு எந்தத் துன்பமும் நேர்ந்திராது. ஆனால் இனஒதுக்கல் இயல்பிலேயே தீயது என்று தென்னாப்பிரிக்க ஆயர்கள் 1957இல் வெளிப்படையாக அறிவித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மக்களைக் குடியிருப்புகளிலிருந்து பெயர்த்தெறிந்ததைக் கண்டித்து, அவர் நகரின் நடுவே கையில் அட்டையுடன் மௌனமாக நின்றிருக்கிறார். நமீபியாவில் தென்னாப்பிரிக்கக் காவல்படையினர் செய்த கொடுமைகளைச் சொன்னதற்காக அவர் மீதே வழக்குத் தொடர்ந்த அரசு, 1985இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டு, இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விடப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் நின்றதன் மதிப்பு தெரியும். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

இருந்தும், பெரிய மனிதர் என்பது மட்டுமே ஒரு தெருவுக்குப் பெயரிடப் போதிய காரணம் ஆகாது. அந்தத் தெருவோடு அவருக்கு ஓர் உறவும் இருக்க வேண்டும். குருவானவராகி டர்பனுக்கு வந்த புதிதில் ஹர்லி பணியாற்றியது இத்தெருவை ஒட்டிய இம்மானுவேல் பேராலயத்தில்தான். பேராயர் பதவியிலிருந்து 1992இல் ஓய்வு பெற்றபின் அதே ஆலயத்துக்குச் சாதாரணப் பங்குத்தந்தையாகத் திரும்பி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறைமாவட்டத்தையே ஆண்டவர், தெருவோர மக்களின் வீட்டுத் துக்கத்தையும் திருமணத்தையும் கவனிக்கும் வேலையை மனமுவந்து ஏற்றார் என்பதே அவரைப் பற்றிய செய்திகளில் என்னை அதிகம் அசைத்தது. 2004இல் காலமான அவர் அந்தப் பேராலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பேராலயத்தை ஒட்டி 2015இல் திறக்கப்பட்ட டெனிஸ் ஹர்லி மையத்துக்கு உணவு வேளையில் போனால் இந்தப் பெயரின் பொருத்தம் கண்ணெதிரே தெரியும். வீடற்றவர்களும் அகதிகளும் சுவரோரம் வரிசையில் நிற்பார்கள். நான் போயிருந்த அன்று சோற்றின் மேல் பீன்ஸ் கறியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் திருநீறு பூசிய ஒரு பெரியவரும், தலையில் முக்காடிட்ட ஓர் இளம்பெண்ணும் இருந்தார்கள். மதரசா ஆர்கேட்டைக் கடந்தால் ஜும்ஆ மசூதி, சற்றுத் தள்ளி விக்டோரியா சந்தை என்று எல்லோரும் தோளோடு தோள் உரசி நடக்கும் இடம் அது. இனஒதுக்கலை எதிர்த்துப் போராடிய நம் இந்திய வம்சாவளித் தலைவர்களான மான்டி நாயக்கர், டாக்டர் குணம், யூசுப் தாதூ ஆகியோரின் பெயர் தாங்கிய தெருக்களும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு நடுவே ஹர்லி அந்நியராகத் தெரியவில்லை.

வருத்தம் ஒன்றுதான். பெயர்ப்பலகையில் பெயர் இருக்கிறது, ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் பிள்ளைகளும் சரி, டாக்சி ஓட்டுநர்களும் சரி, பெயரைச் சொல்கிறார்களே தவிர, அவர் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பேராலய முனையில் ஜூலு, ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் நான்கு வரியில் அவர் வரலாற்றைப் பொறித்து வைக்குமாறு நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வருகிறேன். அத்தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் அதில் கையெழுத்திட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.